தோட்டப் பட்டணத்தில் உலக வங்கி, நாணய நிதியம் பற்றிக் கருத்துக் கேட்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் தெருவோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்து கேட்டால் பெரும்பாலும் ஆண்களின் குரல்தான் கிடைக்கும். வீடு வீடாகப் போங்கள். 500 வீடுகள் என்றால், 1 முதல் 5 வரை சீட்டுக் குலுக்கி, வந்த எண்ணில் தொடங்கி ஒவ்வோர் ஐந்தாவது வீட்டிலும், அடுத்த பிறந்தநாள் யாருக்கோ அவரிடம் கேளுங்கள். கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவாமல் மாலையில் திரும்பி வாருங்கள். இல்லாவிட்டால் வேலைக்குப் போனவர்களே விடுபடுவார்கள். 100 பேர் பதில் சொன்னாலும் முடிவு சுமார் 10 விழுக்காடு முன்பின் ஆகலாம்.

முதல் கேள்வி: “அக்கா, அனைத்துலக நாணய நிதியம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?” இல்லை என்றால் கருத்துக் கேட்காதீர்கள். மரியாதைக்காக “நல்லதுதான் தம்பி” என்பார்கள். அந்தப் பதில் கணக்கையே கெடுத்துவிடும்.

1997-98 ஆசிய நிதி நெருக்கடியைப் பற்றிக் கேட்கும்போது மிகுந்த கவனம் தேவை. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் நிதியத்திடம் கடன் வாங்கின. மலேசியா வாங்கவில்லை, 1998இல் தன் நாணய மதிப்பை டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நிலைநிறுத்தியது. “நிதியத்தை விரட்டியது சரிதானே?” என்பது பதிலை வாயில் ஊட்டும் கேள்வி. “அன்று கடன் வாங்காதது சரியா, தவறா, தெரியாதா?” என்று கேளுங்கள். ‘தெரியாது’ என்பதையும் வாய்விட்டுப் படியுங்கள். வயதைக் கட்டாயம் குறியுங்கள்: அந்த நெருக்கடியில் வேலை பார்த்தவரின் பதிலும், அப்போது பிறக்காதவரின் பதிலும் ஒரே கட்டத்தில் சேரக்கூடாது.