செம்பு நாணயத்தைச் சுத்தம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாணயம் சேர்க்கத் தொடங்கியவர்கள் தங்கள் கைக்கு வந்த முதல் பழைய செம்புக் காசை என்னிடம் காட்டும்போது, பெரும்பாலும் அது நேற்று அச்சடித்ததுபோல் இளஞ்சிவப்பாகப் பளபளத்துக்கொண்டிருக்கும். நானும் ஒரு காலத்தில் அப்படிக் காசு துலக்கியவன்தான் என்பதால் அவர்களைக் கடிந்துகொள்ள மனம் வருவதில்லை. கம்பி நார், பற்பசை, உப்புத்தாள் ஆகியவை கீறிவிடும் என்பதை எவருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. செய்யும்போது தவறாகவே தோன்றாத தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நிறம் மாறியதை அழுக்கு என்று கருதுவது

செம்பு காற்றுடனும் ஈரத்துடனும் வினைபுரிந்து முதலில் செம்பழுப்பு நிறமுள்ள குப்ரைட் என்னும் ஆக்சைடுப் படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அதன் மேல் காலப்போக்கில் கரிய ஆக்சைடோ சல்பைடோ படரும். மண்ணில் கிடந்த காசாக இருந்தால் பச்சை நிறச் செம்புக் கார்பனேட்டான மாலகைட்டும் சேரும். இப்படலம் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதன்று, நாணயத்தின் செம்பே உருமாறி நிற்பது. நெடுங்காலம் புதைந்து கிடந்த காசுகளில் எழுத்தும் உருவமும் அடியிலுள்ள உலோகத்தில் இல்லாமல் இந்தக் குப்ரைட் அடுக்கில் மட்டுமே தங்கியிருப்பதுண்டு. அதைக் கரைத்துவிட்டால் குழிகள் நிறைந்த மொட்டைத் தகடுதான் மிஞ்சும். நிறம் ஓரளவு சீராகவும், படலம் இறுக்கமாகவும், எழுத்து படிக்கும்படியாகவும் இருக்கும் காசுக்கு நாம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

படம் எடுக்காமல் தொடங்குவது

இரு பக்கமும் படம் எடுத்து, எடையைக் குறித்துக்கொண்ட பிறகே கை வையுங்கள்.

எலுமிச்சையும் உப்பும்

எத்தனை முறை பார்த்தாலும் என் எரிச்சல் குறையாத தவறு இது. எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கறுத்த காசை முக்கினால், கண்முன்னே கருமை கரைந்து செம்பு ஒளிர்வது உண்மைதான். அந்தச் சில நொடிக் காட்சிதான் எல்லோரையும் மயக்குகிறது. நடப்பது என்னவென்றால், அமிலம் ஆக்சைடையும் கார்பனேட்டையும் வேறுபாடின்றிக் கரைக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு கரைந்த செம்புடன் சேர்ந்து அந்த வேலையை இன்னும் விரைவாக்குகிறது. குப்ரைட் அமிலத்தில் கரையும்போது அதன் ஒரு பகுதி மீண்டும் உலோகச் செம்பாகவே மேற்பரப்பில் படியும். புதிதாகத் துலக்கிய காசின் அந்த உயிரற்ற இளஞ்சிவப்புக்கு இதுவும் ஒரு காரணம். அச்சிட்ட நாளில் அந்தக் காசுக்கு இருந்த நிறம் அதுவன்று.

நிறம் போனதோடு தீர்ந்திருந்தால்கூட நான் இவ்வளவு எழுதமாட்டேன். நண்பர் ஒருவர் தம் குடும்பத்தில் வழிவழியாக வந்த ஒரு பெரிய செம்புக் காசை இப்படித் துலக்கினார். பழுப்பு மாறாத, விளிம்பு எழுத்துகள் ஒன்றுகூடத் தேயாத காசு அது. துலக்கிய பின் சமையல் சோடா கலந்த நீரில் அலசி, துணியால் துடைத்து, அமிலம் முழுவதும் போய்விட்டது என்ற நிம்மதியோடு பெட்டியில் வைத்தார். சோடா அமிலத்தை முறிக்கும் என்பது சரி. ஆனால் நுண்குழிகளுக்குள் புகுந்துவிட்ட குளோரைடை அது வெளியே இழுப்பதில்லை. அடுத்த மழைக்காலத்தில் எழுத்துகளின் இடுக்குகளில் வெளிர்பச்சைத் தூள் பூத்திருந்தது. அவர் அதையும் அழுக்கு என்று எண்ணி மறுபடி எலுமிச்சையில் முக்கினார். இப்போது அந்தக் காசில் பாதி எழுத்துதான் இருக்கிறது.

சந்தையிலும் இதற்கு மன்னிப்பு இல்லை. நாணயங்களுக்குத் தரமிடும் நிறுவனங்கள் இத்தகைய காசைச் சுத்தம் செய்யப்பட்டது என்று குறித்து, எண்ணால் அமைந்த தரத்தை மறுத்துவிடுகின்றன. கறுத்திருந்த நிலையில் கிடைத்திருக்கக்கூடிய விலை துலக்கிய காசுக்குக் கிடைப்பதில்லை. உப்பில்லாமல் எலுமிச்சை மட்டும் போடலாமா என்று கேட்பவர்களுக்கும் என் விடை ஒன்றுதான்: புளிப்பான எதுவும் வேண்டாம்.

துலக்கிய காசைக் கந்தகக் கலவையால் கறுப்பாக்குவது

தேர்ந்த கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். செய்யாதீர்கள்.

பச்சை எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்ப்பது

மாலகைட் இறுகிய, அடர்ந்த பச்சை. குச்சியால் தொட்டால் உதிராது, காசுக்குத் தீங்கும் செய்யாது. வெண்கல நோய் என்று அழைக்கப்படுவதோ வெளிர்ந்த, மாவுபோன்ற பச்சை. தொட்டால் உதிர்ந்து அடியில் ஒரு குழியைக் காட்டும். பெயரில் வெண்கலம் இருந்தாலும் தூய செம்பையும் இது விடுவதில்லை. செம்புக் குளோரைடு ஈரத்துடனும் ஆக்சிஜனுடனும் வினைபுரிந்து அந்தத் தூளையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் உண்டாக்க, அந்த அமிலம் புதிய செம்பை அரித்து மீண்டும் குளோரைடை உண்டாக்குகிறது. ஈரம் இருக்கும் வரை இந்தச் சுழற்சி நிற்பதில்லை. சந்தேகமிருந்தால், ஈரப் பஞ்சு வைத்த மூடிய டப்பாவில், பஞ்சைத் தொடாதவாறு காசை ஓரிரு நாள் வைத்துப் பாருங்கள். நோய் உயிர்ப்புடன் இருந்தால் புதிய வெளிர்பச்சைப் புள்ளிகள் தோன்றும்.

இதற்குச் சேகரிப்பாளர் தம் அளவில் செய்யக்கூடியது, லென்ஸின் கீழே கூரிய மரக்குச்சியால் தூளை அகற்றி, காய்ச்சி வடித்த நீரை அடிக்கடி மாற்றி ஊற வைத்து, முழுமையாக உலர்த்தி, வறண்ட இடத்தில் வைப்பதுதான். சோடியம் செஸ்குவிகார்பனேட் என்னும் காரவகை உப்பின் கரைசலில் வாரக்கணக்கில் ஊற வைக்கும் முறை குளோரைடை இன்னும் நன்றாக வெளியேற்றும், ஆனால் படலத்தின் நிறத்தையும் மாற்றக்கூடும். அருங்காட்சியகங்கள் அரிப்பைத் தடுக்கக் கையாளும் பென்சோட்ரையசோல் என்னும் வேதிப்பொருள் உடல்நலத்துக்குத் தீங்கானது என்பதால் அதைப் பழகியவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது.

ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊற வைப்பது

மென்மையான வழி என்று பரிந்துரைக்கப்படும் இதில், எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்கள் மெல்ல மெல்லச் செம்புடன் வினைபுரிந்து பச்சை நிறப் பிசுக்கை உண்டாக்குகின்றன. எண்ணெய் பச்சையாவதைக் கண்டு அழுக்கு இறங்குகிறது என்று மகிழ்பவர்கள், இறங்கிக்கொண்டிருப்பது தங்கள் காசும்தான் என்பதைக் கவனிப்பதில்லை. ஒட்டிய மண்ணுக்குக் காய்ச்சி வடித்த நீரும் மரக்குச்சியும் பொறுமையும் போதும். எண்ணெய்ப் பிசுக்குக்கும் பழைய பசைக்கும் தூய அசிட்டோன் போதும். அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, நெருப்பில்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில் பயன்படுத்த வேண்டும். நகச்சாயம் நீக்கும் திரவத்தில் மணமும் எண்ணெயும் கலந்திருப்பதால் அது அசிட்டோனுக்கு மாற்றாகாது.

துணியால் தேய்த்து உலர்த்துவது

ஒற்றி எடுங்கள். தேய்த்தால் மயிரிழைக் கீறல் விழும்.

மெழுகை முந்திக்கொண்டு பூசுவது

பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் உருவான ரெனைசான்ஸ் மெழுகை மெல்லிய பூச்சாகப் பூசுவது நல்ல பாதுகாப்புத்தான். ஆனால் ஈரமோ குளோரைடோ உள்ளே இருக்கும்போது பூசினால், நோயை உள்ளே வைத்துக் கதவை அடைத்ததாகிவிடும். காசு பல வாரங்கள் புள்ளி எதுவும் தோன்றாமல் இருந்த பிறகே மெழுகைப் பற்றி யோசிக்க வேண்டும். புழக்கத்துக்கே வராத, மூலச் சிவப்பு மாறாத காசுக்கு அது தேவையில்லை.

மலிவான நெகிழி உறை

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் வளைந்து கொடுக்கும் மென்மையான பிவிசி உறையில் காசைச் செருகுகிறார்கள். அந்த நெகிழியை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய் நாளடைவில் கசிகிறது. நெகிழி சிதைவதால் வெளிவரும் அமிலமும் சேர்ந்து காசின் மேல் பச்சைப் பசையாகப் படிகிறது. தொடக்கத்திலேயே கவனித்தால் அசிட்டோன் அதைக் கழுவிவிடும், தாமதித்தால் அரிப்பு நிலைத்துவிடும். பாலியெஸ்டர் உறையோ பாலிஎத்திலீன் உறையோ பாதுகாப்பானவை. ஓக் மரப் பெட்டியும் ரப்பர் வளையமும் காசின் அருகில் வேண்டாம்; முன்னது அசிட்டிக் அமில ஆவியையும் பின்னது கந்தகத்தையும் வெளிவிடும். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்குமாறு இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் வைக்கலாம். ஈரம் நிறைந்ததும் நிறம் மாறும் வகையை வாங்கினால், உலர்த்தி மீண்டும் வைக்க வேண்டிய வேளை எது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.