பட்டறை வரைய எந்த மென்பொருள்? என் அனுபவம்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வீட்டுக்குப் பின்னால் மரவேலைப் பட்டறை கட்ட நினைத்தேன். நகராட்சிக்குப் போகும் பிளானைப் பதிவுபெற்ற கட்டட வரைஞர்தான் வரைய வேண்டும், அது வேறு. அவரிடம் போகும் முன் மெஷின் எங்கே, கதவு எங்கே என்று போட்டுப் பார்க்கத்தான் ஒரு மென்பொருள் தேடினேன், அதிலேயே பல நாள் போனது.

ஃப்ரீகேட் பெரிய ஆயுதம், பழகவே ஒரு மாதம் வேண்டும். லிப்ரேகேட் சுத்தமாக இருக்கிறது, ஆனால் 2டி மட்டும். ஸ்கெட்ச்அப் இலவசப் பதிப்பு பிரௌசரில் ஓடுவது. லோட்ஷெடிங்கில், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டில், வைஃபை போனால் வேலையும் போச்சு.

கடைசியில் ஸ்வீட் ஹோம் 3டி. இலவசம், நெட் வேண்டாம், சுவர் இழுத்தால் பக்கத்திலேயே 3டி வந்துவிடும். ஆனால் இங்கே விற்கும் 2750×1830 மி.மீ. பலகையின் அளவில் ஒரு பெட்டி வடிவத்தைப் படத்தில் நிறுத்தி வைத்தால் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தது. காரணம், சுவர் உயரம் தானாகவே 250 செ.மீ. என்று வருகிறது, வீட்டுக்கு அது போதும், பட்டறைக்குப் போதாது. சரி என்று மென்பொருளின் விருப்பத்தேர்வில் (Preferences) 320 ஆக்கினால் ஒன்றுமே மாறவில்லை! அந்த எண் இனிமேல் வரையும் சுவர்களுக்கு மட்டும்தான். ஏற்கெனவே வரைந்தவற்றை எல்லாம் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, சுவரை மாற்றும் உரையாடல் பெட்டியில் உயரத்தைக் கொடுத்ததும் சரியானது.

அதே பெட்டியில் சாய்வுச் சுவர் என்று ஒன்று உண்டு. பக்கச் சுவர்களுக்கு ஒரு முனையில் உயரம் 320, மறுமுனையில் 280 கொடுத்தேன், ஒருபக்கச் சாய்வுக் கூரை எப்படி உட்காரும் என்பதும் தெரிந்துவிட்டது.