கும்மிருட்டில் பேய் தெரியாது: குட்டிப் பிள்ளைகளுக்குப் பேய் வீடு போடுவோர் செய்யும் தவறுகள்

அக்டோபர் 31, ஹாலோவீன் அன்று பொழுது சாயும் நேரத்தில் அமெரிக்கக் குடியிருப்புத் தெருக்களில் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருவார்கள். அந்த ஒரு மாலைக்காகக் கேரேஜையோ முன்வாசலையோ குட்டிப் பேய் வீடாக மாற்றுவது அங்கே பலருக்கு வழக்கம். எலும்புக்கூடு, புகை மெஷின், ஊளைச் சத்தம் எல்லாம் கடையில் வாங்கி வைத்திருப்பார்கள். ஆனாலும் வருகிற பிள்ளைகளில் ஒன்று வீறிட்டு அழும். இன்னொன்று "இவ்வளவுதானா?" என்ற முகத்தோடு மிட்டாயை அள்ளிக்கொண்டு நடையைக் கட்டும். செலவு போதாமல் இப்படி ஆவதில்லை. இருட்டு, புகை, சத்தம் மூன்றிலும் கை தாராளமாகிப் போவதால் ஆகிறது.

இருட்டு

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. அதை நம்பி எல்லா விளக்கையும் அணைத்துவிடுகிறார்கள். கும்மிருட்டில் பொம்மையும் தெரியாது, படியும் தெரியாது. பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அரண்டுபோக வேண்டுமானால் கண்ணுக்கு ஏதோ ஒன்று அரைகுறையாகவாவது தெரிய வேண்டும்.

இந்தத் தவறு நேர்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஜோடித்தவர் ஒரு மணி நேரமாக உள்ளேயே இருந்திருப்பார். அவர் கண் இருட்டுக்குப் பழகியிருக்கும். அவருக்கு எல்லாம் நன்றாகத் தெரியும். தெருவிளக்கு வெளிச்சத்திலிருந்து வரும் பிள்ளையின் கண் அப்படிப் பழகப் பல நிமிடங்கள் ஆகும். அது உள்ளே இருக்கப்போவதோ இரண்டே நிமிடம். ஆகவே விளக்கு அமைத்து முடித்ததும் வெளியே போய் ஐந்து நிமிடம் தெருவிளக்கின் கீழ் நின்றுவிட்டு உடனே உள்ளே நுழைந்து பாருங்கள். கால் வைக்கும் இடம் தெரியவில்லையென்றால் வெளிச்சம் போதவில்லை.

தரையோரம் மங்கலான நீல எல்இடி சரம் ஒன்று நடைபாதை முழுக்க ஓடட்டும். பொம்மைகளுக்குத் தனித்தனியாகப் பச்சையோ ஆரஞ்சோ, கீழிருந்து மேல்நோக்கி அடிக்க வேண்டும். மனித முகத்தின் மேல் வெளிச்சம் எப்போதும் மேலிருந்தே விழுந்து பழகிய கண்ணுக்கு, நிழல்கள் தலைகீழாக விழுந்தாலே முகம் வேறு ஆளாகிவிடும். இதற்கு முகமூடிகூட வேண்டாம்.

புற ஊதா விளக்கு வைப்பவர்கள் ஊதா நிறக் கண்ணாடி போட்ட பழைய குண்டு பல்பை வாங்கி ஏமாறுகிறார்கள். அதில் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு. 385 முதல் 400 நானோமீட்டர் என்று அட்டையில் போட்டிருக்கும் எல்இடி விளக்கை வாங்குங்கள். சலவைத்தூளில் உள்ள வெண்மையூட்டி அந்த ஒளியில் நீலமாக மின்னும். சலவை செய்த பழைய வெள்ளை வேட்டி ஒன்றைத் தொங்கவிட்டால் முதல்தரமான ஆவி தயார். டானிக் வாட்டரும் அதிலுள்ள குவினைனால் அப்படியே ஒளிரும்; பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைத்தால் சூனியக்காரியின் மருந்து.

விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு குழந்தைகள் வரும் இடத்துக்கே வேண்டாம். ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. மற்றவர்களுக்கும் அந்த மினுக்கலில் படியின் உயரம் பிடிபடாது.

கண்ணாடிப் பேய்

எல்லோரும் செய்ய ஆசைப்பட்டு அதிகம் சொதப்புவது இதைத்தான். காலி நாற்காலியில் மெல்ல ஓர் ஆவி தோன்றி மறையும் இந்த வித்தையை 1862-இல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையேற்றினார். மூல யோசனை ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளருடையது. பெயர் மட்டும் 'பெப்பரின் பேய்' என்று நின்றுவிட்டது. 1969-இல் திறந்த டிஸ்னிலேண்ட் பேய் மாளிகையில் ஆவிகள் நடனமாடுவதும் இதே முறையில்தான்.

அமைப்பு எளிது. கறுப்புத் திரையில் ஜன்னல் போல ஒரு திறப்பு. அதன் பின்னால் தெளிவான அக்ரிலிக் தகடு ஒன்று, பார்ப்பவருக்கு 45 டிகிரி சாய்வாகத் திருப்பி நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கும். தகட்டுக்கு நேர் பின்னால் நாற்காலி. பக்கவாட்டில், பார்ப்பவர் கண்ணுக்கு மறைவாக, கறுப்புத் துணி சுற்றிய பொந்துக்குள் பேய்ப் பொம்மை. பொம்மை மேல் வெளிச்சம் விழுந்தால் அதன் பிம்பம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

சொதப்புவது பெரும்பாலும் தூரத்தில். தகட்டிலிருந்து பொம்மை எவ்வளவு தூரமோ, பிம்பமும் தகட்டுக்குப் பின்னால் அவ்வளவு தூரத்தில் தெரியும். நாற்காலி ஒன்றரை மீட்டர் பின்னால் இருந்தால் பொம்மையும் ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். பொம்மையை ஒரு மீட்டரில் வைத்தால் ஆவி நாற்காலிக்கு முன்னால் மிதக்கும். பார்க்கிறவர் தலையை அசைத்தால் இரண்டும் தனித்தனியே நகர்ந்து குட்டு வெளிப்படும்.

அடுத்தது வெளிச்சம். அந்தச் சாய்வில் தகடு தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். அதனால் நாற்காலிப் பக்கம் மிக மங்கலாகவும், பொம்மை மேல் பல மடங்கு பிரகாசமாகவும் இருக்க வேண்டும். பிரகாசம் வேண்டும் என்று பெரிய விளக்கைப் போட்டால் ஒளி பொந்துச் சுவரிலும் பட்டு, ஆவியோடு சேர்ந்து அதன் அறையும் அந்தரத்தில் தெரியும். கறுப்புச் சார்ட் தாளைக் குழாயாகச் சுருட்டி விளக்கின் வாயில் மாட்டினால் ஒளி பொம்மையோடு நிற்கும். பொந்துக்குக் கறுப்புக் குப்பைப் பையை ஒட்டுவார்கள், அது பளபளக்கும். பளபளப்பில்லாத கறுப்புத் துணிதான் சரி.

தகடு 3 மில்லிமீட்டர் கனம் போதும். கனம் கூடினால் முன்முகமும் பின்முகமும் தனித்தனியே பிரதிபலித்துப் பேய்க்கு இரட்டை விளிம்பு வரும். ஆனால் மெல்லிய தகடு தன் எடையிலேயே வளையும், பேய் நெளியும். நான்கு ஓரமும் மரச்சட்டம் கொடுங்கள். ஜன்னலுக்குப் போடும் கண்ணாடியை எடுக்காதீர்கள், பிள்ளைகள் இடிக்கும் இடம் அது. புதுத் தகட்டின் இருபுறமும் பாதுகாப்புப் படலம் இருக்கும். ஒருபுறம் மட்டும் உரித்துவிட்டு "மங்கலாக இருக்கிறதே" என்று தலையைச் சொறிபவர்கள் நிறைய. அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் அக்ரிலிக்கைக் கெடுத்துவிடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய மைக்ரோஃபைபர் துணியும் போதும்.

விளக்கைச் சட்டென்று போட்டால் அது பேய் இல்லை, பல்பு எரிந்தது என்று மட்டுமே தெரியும். டிம்மரில் மூன்று நான்கு நொடி எடுத்து ஏற்றி, அதேபோல் இறக்க வேண்டும். டிம்மருக்குப் பொருந்தும் எல்இடி என்று அட்டையில் போட்டிருப்பதை வாங்காவிட்டால் துடிக்கும். பொம்மையின் கையில் எழுத்துப் பலகை கொடுத்தால் கண்ணாடியில் அது இடவலம் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

புகை

தமிழ்ச் சினிமாக் கனவுப் பாட்டுகளிலும் கல்யாண மேடைகளிலும் தரையோடு தவழும் வெண்புகையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு டிரை ஐஸ் புதிதில்லை. ஆனால் மண்டபம் வேறு, கேரேஜ் வேறு.

டிரை ஐஸ் என்பது மைனஸ் 78.5 டிகிரியில் உறைந்த கார்பன் டை ஆக்சைடு. வெந்நீரில் போட்டால் உருகாமல் நேரே வாயுவாகும். நாம் பார்க்கும் வெண்மை அந்த வாயு அல்ல. குளிரில் உருவான நுண்ணிய நீர்த்துளிகள். வாயு கண்ணுக்குத் தெரியாது, காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், தாழ்வான இடத்தில் தேங்கும். ஒரு கிலோவிலிருந்து 500 லிட்டருக்கு மேல் வாயு வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கார் நிற்கும் கேரேஜ் 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் உயரம் என்றால் உள்ளே இருப்பது சுமார் 43,000 லிட்டர் காற்று. கதவை மூடிவிட்டு ஐந்து கிலோ டிரை ஐஸ் முழுவதையும் கரையவிட்டால் காற்றில் 6 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. பணியிடங்களில் 4 சதவீதத்தையே உடனடி உயிராபத்து என்று அமெரிக்க அரசு அமைப்பு வகுத்திருக்கிறது. தவழ்ந்து போகும் சுரங்கப் பாதையில் இந்தப் புகையை விடுவதும், நிலவறையில் விடுவதும் அதனால்தான் கூடவே கூடாது. திறந்த முன்வாசலில் விடுங்கள். அல்லது கேரேஜ் கதவை நன்றாகத் திறந்து, ஒரு முறைக்கு அரைக் கிலோவோடு நிறுத்துங்கள்.

வாளியில் பாதியளவு மட்டும் வெந்நீர். நிரப்பினால் கொப்பளித்துத் தெறித்து நடைபாதை வழுக்கும். ஐஸைக் கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய துண்டுகளாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் முதலில் பெரும்புகை, பிறகு தண்ணீர் குளிர்ந்து ஐஸைச் சுற்றியே உறைந்துகொள்ள, புகை நின்றுவிடும். "ஐஸ் தீர்ந்துவிட்டது" என்று நினைப்பார்கள். தீர்ந்தது சூடு, வெந்நீரை மாற்றினால் மறுபடி வரும்.

தடித்த கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்தது போலாகும். மூடி இறுக்கிய பாட்டிலிலோ டப்பாவிலோ வைத்தால் வெடிக்கும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரிதான், அதில் நிற்காது. தெர்மோகோல் பெட்டியில் மூடியைத் தளர்வாக வைத்து, காரில் கொண்டுவரும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். பானத்தில் புகை வேண்டுமென்றால் பெரிய கிண்ணத்தில் வெந்நீரும் ஐஸும், அதற்குள் தனிக் கிண்ணத்தில் பானம். டம்ளருக்குள் துண்டைப் போட்டுக் கொடுத்தால் ஏதாவது ஒரு பிள்ளை அதை விழுங்கும்.

கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் கலந்த திரவத்தைச் சூடாக்கும் புகை மெஷினில் வேறு சிக்கல். அந்தப் புகை சூடு, அதனால் மேலே எழும்பி முகத்தில் அடிக்கும். தரையோடு போக வேண்டுமானால் ஐஸ் கட்டி நிரப்பிய பெட்டிக்குள் செலுத்திக் குளிரவைத்து வெளியே விட வேண்டும். வீட்டுக்குள் வைத்தால் தீ எச்சரிக்கைக் கருவி அலறும். அதற்காகக் கருவியின் பேட்டரியைக் கழற்றுவது இந்தக் கட்டுரையிலேயே மிக மோசமான தவறு.

நெருப்பு

1984 மே 11 அன்று நியூஜெர்ஸியில் ஒரு கேளிக்கைப் பூங்காவின் பேய்க் கோட்டை எரிந்து எட்டு இளவயதினர் இறந்தார்கள். இருட்டில் வழி தெரியாமல் யாரோ பற்றவைத்த லைட்டரின் தீ, சுவரில் ஒட்டியிருந்த நுரைப் பஞ்சில் பிடித்தது. இருட்டும் எரியும் பொருளும் ஒரே இடத்தில் சேர்ந்ததன் விளைவு அது. சிலந்தி வலைப் பஞ்சு, பாலியெஸ்டர் திரை, காய்ந்த சோளத் தட்டை இருக்கும் இடத்தில் மெழுகுவத்தி வேண்டாம். முகம் செதுக்கிய பூசணிக்குள்ளும் பேட்டரி விளக்கே போதும். வழி ஒன்று அடைத்தால் மறுவழி இருக்க வேண்டும். அறை விளக்கு ஸ்விட்ச் அருகில் எப்போதும் ஓர் ஆள் நிற்க வேண்டும்.

எந்தப் பக்கத்திலிருந்து பயமுறுத்துவது

முன்னால் குதித்து "பே!" என்றால் வந்தவர் பின்னால் பாய்வார். பின்னால் வருகிற குட்டிப் பிள்ளை மேல் விழுவார். பக்கவாட்டிலோ பின்பக்கமோ இருந்து அதிர்ச்சி கொடுத்தால் கூட்டம் முன்னோக்கி ஓடும், பாதையும் தானாகக் காலியாகும். ஓடும் திசையில் இரண்டு மீட்டராவது வெறுமையாக விடுங்கள். மூன்று நான்கு பேராக மட்டும் அனுப்புங்கள். பத்துப் பேர் போனால் கடைசி ஆறு பேர் பார்ப்பது முன்னவர்களின் முதுகை.

அசைந்தால் சிரிக்கும் பொம்மைகளின் சென்சார் உடல் வெப்பத்தின் நகர்வைப் பிடிப்பது. தன்னை நோக்கி நேராக வருபவரை அது தாமதமாகத்தான் உணரும், குறுக்கே போகிறவரை உடனே. பாதை முடிவில் வைக்காமல் ஓரத்தில் வைத்து, பாதைக்குக் குறுக்காகப் பார்க்க விடுங்கள். ஊளைச் சத்தம் ஓயாமல் ஓடினால் காது மரத்துப்போகும். நீண்ட மௌனத்துக்கு நடுவே ஒரு கதவு கிறீச்சிடல் அதைவிட நன்றாக வேலை செய்யும், பக்கத்து வீட்டாரும் வாழ்த்துவார்கள்.

பயந்த அடுத்த சில நொடிகளில் சிரிக்க ஏதாவது இருக்க வேண்டும்: பேப்பர் படிக்கும் எலும்புக்கூடு, தும்மும் மம்மி, பல் தேய்க்கும் டிராகுலா. அது இல்லாமல் பயத்துக்கு மேல் பயமாக அடுக்கினால் ஆறு வயதுக்குக் கீழே உள்ளவை மிட்டாய் மேசைவரை வந்து சேராது. வேஷம் போட்டவர் யாரையும் தொடக் கூடாது, துரத்தக் கூடாது. பிள்ளை அழுதால் முகமூடியை உடனே கழற்றிவிட வேண்டும். 'கேரக்டரை விடமாட்டேன்' என்று வீம்பு பிடிக்கிற மாமாக்களைக் காப்பி போட அனுப்பிவிடலாம்.

சில்லறைத் தவறுகள்

பஞ்சு வலையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினால் அது பஞ்சாகவே தெரியும். கைப்பிடியில் பாதி எடுத்து, இழை இழையாகத் தெரியும்வரை இழுத்துப் பரப்புங்கள். செடிகளில் கட்டாதீர்கள், பறவைகள் சிக்கும்.

கண்ணை மூடித் தொட்டுப் பார்க்கும் கிண்ணங்களில் குடலுக்கு ஸ்பகெட்டி வைப்பவர்கள் எண்ணெய் விட மறப்பதால் அது அடைபோல் ஒட்டிக்கொள்ளும். கண்முழிக்குத் தோலுரித்த திராட்சை. டின் லிச்சி இன்னும் பொருத்தம். அக்டோபரில் நுங்கு கிடைக்காதது இந்தக் கலைக்கு நேர்ந்த இழப்பு. சின்னப் பிள்ளைகள் அவற்றை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முழுத் திராட்சை தொண்டையை அடைக்கும்.

பூசணியை ஒரு வாரம் முன்னால் செதுக்கினால் விழாவன்று முகம் குழிந்து பூசணம் பூத்திருக்கும். இரண்டு மூன்று நாள் முன்னால் போதும். மூடியை நேராக வெட்டாமல் உட்பக்கம் சரிவாக வெட்டுங்கள், இல்லையேல் உள்ளே விழும். முகம் வரும் பக்கத்துச் சுவரை இரண்டரை சென்டிமீட்டர் கனத்துக்குச் சுரண்டினால் கத்தியும் போகும், வெளிச்சமும் வரும்.

கதவைத் திறப்பதற்கு அரை மணி முன்னால் ஒரு வேலை பாக்கி. முழங்காலிட்டுப் பாதை முழுக்கப் போய் வாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம்தான். கண்ணாடிப் பேயின் தலை அங்கிருந்து தெரிகிறதா, விளக்கின் முனை நேரே கண்ணில் குத்துகிறதா, மேசைக்கு அடியில் ஒயர் சுருண்டு கிடக்கிறதா என்பதெல்லாம் நின்று பார்த்தால் தெரியாது.