சைக்கிள் ஹேண்டில் ஆடுதா, நடுவில் சிக்குதா? ஹெட்செட்டைப் பாருங்க

முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, ஃப்ரேமும் ஃபோர்க்கும் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) சேரும் இடத்தில் விரலை வைத்து, சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். விரலில் 'டக் டக்' என்று தட்டினால் ஹெட்செட், அதாவது ஃபோர்க் ஃப்ரேமுக்குள் திரும்ப உதவும் பேரிங் செட், லூஸ். அப்படியே ஓட்டக்கூடாது, ஒவ்வொரு குழியிலும் பேரிங் குண்டுகள் (பால்ஸ்) தாங்கள் ஓடும் கிண்ணத்தை (கப்) இடித்து இடித்துப் பள்ளமாக்கிவிடும்.

மேலே மூடியோடு வரும் புது மாடலில் பலரும் மூடி போல்ட்டை மட்டும் திருகிவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். முதலில் ஸ்டெம்மின் (ஹேண்டிலை ஃபோர்க்கோடு சேர்க்கும் துண்டு) பக்கவாட்டு போல்ட்களைத் தளர்த்த வேண்டும், அப்புறம் மூடி போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, ஆட்டம் நின்றதும் நிறுத்தி, ஹேண்டிலை நேராக்கி, பக்க போல்ட்களை இறுக்குங்கள். பழைய திருகு மாடலுக்கு இரண்டு ஸ்பேனர் வேண்டும், பெரும்பாலும் 32 மி.மீ. ஒன்றால் லாக்நட்டுக்குக் (மேலே பூட்டிப் பிடிக்கும் நட்டு) கீழே இருக்கும் திருகு கப்பை ஆட்டம் நிற்கும் வரை திருகி, அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் லாக்நட்டை இறுக்கணும்.

முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நேர் நிலையில் வந்து சிக்கினால் கப்பில் பள்ளம் விழுந்துவிட்டது. கிரீஸ் போட்டாலும் சரியாகாது, செட்டையே மாற்றுங்கள். ஃபோர்க்கின் அடியில் இறுகி உட்கார்ந்திருக்கும் ரேஸையும் (பேரிங் உட்காரும் வளையம்) கழற்றியே ஆகவேண்டும், பழைய ரேஸில் புது பேரிங்கை ஓடவிடாதீர்கள். கழற்றும்போதே எந்த வாஷர், எந்தப் பக்கம் என்று வரிசையாக போட்டோ எடுத்து வையுங்கள். புது கப் கோணலாக உள்ளே போனால் ஃப்ரேமே கெட்டுவிடும், அழுத்தும் கருவி இல்லையென்றால் அந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் கொடுங்கள்.