பழைய ஏர்ஸ்ட்ரீம் ட்ரெய்லர் வாங்குறீங்களா, முதல்ல பின்பக்க தரைய பாருங்க

அமெரிக்காவுல 60கள், 70கள்ல வந்த ஏர்ஸ்ட்ரீம் ட்ரெய்லர, அதாவது காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற அலுமினிய வீட்ட, வாங்கி சரி பண்ணணும்னு நினைக்கிறவங்க நிறைய பேரு அலுமினியம் பளபளன்னு இருக்கான்னுதான் பாக்குறாங்க, உண்மையில அத கடைசியா பாத்தா போதும். பின் பம்பர் ஓரமா தண்ணி இறங்கி உள்ள ப்ளைவுட் தரை மக்கிப் போறதுதான் இதுல பெரிய தலைவலி, ஏன்னா அந்த ப்ளைவுட் கீழ இருக்குற இரும்பு ஃபிரேமுக்கும் மேல இருக்குற அலுமினியக் கூட்டுக்கும் நடுவுல மாட்டியிருக்கும், அது மக்குனா பின்பக்கம் அலுமினியக் கூடும் ஃபிரேமும் தனித்தனியா ஆட ஆரம்பிச்சிடும். கூர்மையான ஸ்க்ரூடிரைவர் எடுத்து ஓரத்துல குத்திப் பாருங்க, மெத்துன்னு இறங்குச்சுன்னா அதுக்கேத்த மாதிரி விலைய குறைச்சுப் பேசுங்க.

அடுத்து ரிவெட், அதாவது அலுமினியத் தகடுகள ஒண்ணா இணைக்குற ஆணி. வெளிக்கூட்டுல ஒரிஜினல் எல்லாம் சாலிட் ரிவெட், உள்ள ஒருத்தர் வெளிய ஒருத்தர் நின்னு அடிக்கணும். உள்சுவர பிரிக்க முடியலன்னா வெளியிலிருந்தே அடிக்கக்கூடிய ஒலிம்பிக் ரிவெட் போட்டு தலைய சீவி விடுங்க, பாக்க பழசு மாதிரியே இருக்கும். சாதா பாப் ரிவெட் வெளிப்பக்கம் வேணவே வேணாம், நடு ஓட்டை வழியா மழைத்தண்ணி இறங்கும். சிலிக்கானும் தடவாதீங்க ப்ளீஸ், அப்புறம் அது மேல வேற எதுவுமே ஒட்டாது, பாலியூரித்தேன் சீலன்ட் நல்லது.

ஜன்னல் கைப்பிடி, அலமாரி லாட்ச், லைட் கவர் இதெல்லாம் தூக்கிப் போட்டுடாதீங்க, திரும்ப கிடைக்கறது ரொம்ப கஷ்டம். வயரிங், கேஸ் லைன், ரப்பர் இறுகிப்போன டார்ஷன் ஆக்சில் (ஸ்ப்ரிங்குக்கு பதிலா உள்ள ரப்பர் வச்ச சக்கர அச்சு), இத மட்டும் யோசிக்காம புதுசா மாத்திடுங்க, அந்த ரப்பர தனியா சரி பண்ண முடியாது, முழு ஆக்சிலத்தான் மாத்தணும்.