ஆட்டோகாக்கர் டைமிங்: ட்ரிகரைக் குறுக்கும் அவசரத்தில் செய்யும் தவறுகள்

ஆட்டோகாக்கர் என்ற பெயின்ட்பால் மார்க்கர் (துப்பாக்கி) கைக்கு வந்ததும் ட்ரிகர் இழுப்பைக் குறைக்கத்தான் முதலில் தோன்றும். ஆசை சரிதான். ஆனால் இந்த மார்க்கர் பம்ப் துப்பாக்கியிலிருந்து வளர்ந்தது, அதில் கையால் இழுத்துத் தள்ளிய வேலையை இங்கே முன்பக்க ராம் (சிறு பிஸ்டன்) காற்றழுத்தத்தால் செய்கிறது, எப்போது இழுக்க, எப்போது தள்ள என்று ராமுக்குச் சொல்வது த்ரீ-வே வால்வு. அதனால் ட்ரிகரை இழுக்கும்போது முதலில் சியர் (பிடித்து வைக்கும் கொக்கி) ஹேமரை (வால்வைத் தட்டிப் பந்தைச் சுட வைக்கும் சுத்தியலை) விட வேண்டும், அப்புறம்தான் பிளாக் (ராம் நகர்த்தும் பின்பக்கக் கட்டை) பின்னால் வர வேண்டும். விடும்போது சியர் பழைய இடத்துக்குத் திரும்பிய பிறகுதான் பிளாக் முன்னால் போக வேண்டும். இந்த வரிசைதான் டைமிங்.

பலர் இழுக்கும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, விடும் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். சியர் விடும் புள்ளி, த்ரீ-வே மாறும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருக்க வேண்டும், எந்தப் பக்கம் அளவுக்கு மீறிக் குறுக்கினாலும் வரிசை உடைந்துவிடும். பிளாக் முந்திக்கொண்டால் இரண்டாவது பந்து உள்ளே இறங்கிவிடும், சியர் திரும்பும் முன் பிளாக் மூடினால் ஹேமர் காக் ஆகாது, அதாவது சியரில் மாட்டாது.

அடுத்த தவறு, ஹேமர் லக்கை (ஹேமரில் சியர் பிடிக்கும் திருகை) தொடாமல் டைமிங் ராடை (ட்ரிகரை த்ரீ-வேயோடு இணைக்கும் கம்பியை) மட்டும் திருகிக்கொண்டே இருப்பது. லக் அதிகம் இறங்கியிருந்தால் சியர் தாமதமாகத்தான் விடும், ராடில் என்ன செய்தாலும் டைமிங் ஒட்டாது. ரொம்ப ஏற்றினால் சியர் நுனியில்தான் பிடிக்கும், அதிர்விலேயே நழுவும். அதனால் லக்கை முதலில் சரிசெய்யுங்கள், ராட் அதன் பிறகு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அதுவும் கால் திருகு, உடனே ட்ரிகரை மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெடிக்கும் சத்தம் முதலில், கொஞ்சம் தள்ளி பிளாக் அசைவு.

பிளாக் சோம்பலாக நகர்ந்தால் எல்.பி.ஆர். (ராமுக்குப் போகும் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் தரும் ரெகுலேட்டர்) அழுத்தத்தை ஏற்றிவிடுவதும் வழக்கம். டைமிங் கோளாறை அது மறைக்கத்தான் செய்யும், போதாததற்குப் பந்து வழியில் சிக்கினால் போல்ட் (பிளாக்கோடு நகர்ந்து பந்தை உள்ளே தள்ளும் உருளை) அதை நசுக்கிவிடும். தவறாமல் காக் ஆகும் அளவுக்கு அழுத்தம் இருந்தால் போதும்.

ஹாப்பரை (பந்துகள் இருக்கும் பெட்டியை) கழற்றி, சேம்பரில் பந்து இல்லை என்று பார்த்து, பேரல் உறையும் கண்ணாடியும் போட்ட பிறகே காற்று ஏற்றுங்கள். லக்கைத் திருகும்போது காற்றே வேண்டாம். எல்லாம் முடிந்ததும் குரோனோவில் (வேகம் அளக்கும் கருவியில்) பந்தின் வேகம் பாருங்கள், பல மைதானங்களில் உச்ச வரம்பு நொடிக்கு 300 அடி, சிலவற்றில் அதற்கும் குறைவு.