கொழும்பு வெளிச்சத்தில் நீர்ப்பறவைகளைப் படமெடுப்பது எப்படி?

நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கும் ஊர் என்பதால் கொழும்பில் சூரியன் ஏறத்தாழ நேராகவே மேலே ஏறும். உதித்து ஒரு மணி நேரத்துக்குள் சுமார் 14 பாகை உயர்ந்துவிடும். காலை எட்டரை தாண்டினால் கொக்கின் வயிற்றுப் பக்கம் கறுத்த நிழல் விழுந்துவிடும். நல்ல வெளிச்சம் கிடைக்கும் நேரம் குறைவு. அதற்குள்ளும் மேகம் வந்து வந்து போகும். அதனால் பறவை வருவதற்கு முன்பே கமராவைத் தயாராக வைத்துவிட வேண்டும். பறவை வந்த பிறகு மாற்ற வேண்டியது ஒரே ஒரு பொத்தானாக இருக்கட்டும்.

1. இடமும் நிற்கும் பக்கமும்

கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் நகருக்குள் இருக்கும் பேர வாவி போதும். அங்கே மனிதர்களுக்குப் பழகிய பறவைகள் என்பதால் 300 மி.மீ. லென்ஸே தாராளம். தாழைக்கோழி, இலைக்கோழி, செந்நாரை வேண்டுமென்றால் தலங்கம குளத்துக்கோ தியசரு, பெத்தகான ஈரநிலப் பூங்காக்களுக்கோ போங்கள். அங்கே 400 மி.மீ. இருந்தால் நல்லது. பூங்காக்கள் திறக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். விடியலில் எடுக்க வேண்டுமென்றால் குளக்கட்டுதான் வசதி.

சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். உங்கள் நிழல் பறவையை நோக்கி விழ வேண்டும். காற்றையும் கவனியுங்கள். பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை கொழும்பில் காலைக் காற்று பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்குப் பக்கமிருந்து வரும். பின்னேரம் கடற்காற்று மேற்கிலிருந்து வரும். அப்படியான நாட்களில் வெளிச்சம், காற்று இரண்டும் உங்கள் பின்னால் இருக்கும், பறவை உங்களை நோக்கியே வரும். வலசைப் பறவைகள் இருக்கும் காலமும் இதுதான்.

2. வீட்டிலேயே வைக்க வேண்டிய செட்டிங்

மோட்: எம் (சட்டரையும் அப்பேர்ச்சரையும் நாமே வைப்பது). அப்பேர்ச்சர் (லென்ஸின் துளை அளவு): எஃப் 6.3 அல்லது எஃப் 8. ஐஎஸ்ஓ (கமராவின் ஒளியுணர்திறன்): ஓட்டோ, உச்சவரம்பு 3200. கோப்பு: ரோ (கமரா திருத்தாத மூலக் கோப்பு). போகஸ்: தொடர் போகஸ் (நிக்கொன், சோனியில் ஏஎஃப்-சி, கெனனில் சேர்வோ). போகஸ் புள்ளி நடுவில் ஒன்று அல்லது சிறிய கட்டம். கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். ஆனால் புல்லுக்குள் நிற்கும் பறவையில் அது ஏமாறும், அப்போது ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள்.

சட்டர் வேகத்தை, அதாவது ஒளி உள்ளே வரும் நேரத்தை, பறவையின் அசைவுதான் தீர்மானிக்கும். அசையாமல் நிற்கும் கொக்குக்கு 1/500 செக்கன். நடந்து இரை தேடினால் 1/1000. கூழைக்கடா பறக்கையில் 1/1600. ஆலா, மீன்கொத்தி என்றால் 1/2500க்குக் கீழே போக வேண்டாம்.

போலரைசர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டொப் வெளிச்சத்தை அது விழுங்கிவிடும் (ஒரு ஸ்டொப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்).

3. +/- பொத்தான்

கமரா கணிக்கும் வெளிச்சத்தை ஸ்டொப் கணக்கில் கூட்டவும் குறைக்கவும் உதவும் பொத்தான் இது. புதியவர்களின் படங்கள் பெரும்பாலும் கெடுவது இங்கேதான். காட்சி முழுவதையும் சேர்த்து நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரத்தான் கமரா பார்க்கும். கறுத்த தண்ணீரில் சின்ன வெள்ளைக் கொக்கு நின்றால், காட்சி இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும். தண்ணீர் சாம்பலாகும், கொக்கு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வெளிறிப் போன இறகின் கோடுகளை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

“வெள்ளைப் பறவைக்குக் கூட்டு, கறுப்புப் பறவைக்குக் குறை” என்று பலர் சொல்லிக்கொடுப்பார்கள். பறவை சட்டகத்தை நிறைத்தால் மட்டுமே அது சரி. சிறிதாகத் தெரிந்தால் பின்னணியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கறுத்த தண்ணீரில் சிறிதாகத் தெரியும் கொக்கு: −1 முதல் −1.7 வரை. சட்டகத்தை நிறைக்கும் கொக்கு: +0.3 முதல் +1 வரை. வெள்ளை வானத்தின் முன் நீர்க்காகம் அல்லது மரத்தில் கூழைக்கடா: +1 முதல் +2 வரை. பச்சை ஆகாயத்தாமரைக்கு நடுவில் தாழைக்கோழி: 0.

ஒரு படம் எடுத்து, திரையில் வெளிறிய இடம் மின்னிக் காட்டும் எச்சரிக்கையைப் பாருங்கள். கொக்கின் நெஞ்சு மின்னினால் இன்னும் 0.3 குறையுங்கள். சில பழைய ஆரம்பநிலை கமராக்களில் எம் மோடும் ஓட்டோ ஐஎஸ்ஓவும் சேர்ந்தால் இந்தப் பொத்தான் வேலை செய்யாது. அவற்றில் சட்டர் முன்னுரிமை மோடுக்கு (எஸ் அல்லது டிவி) மாறுங்கள்.

4. ஓட்டோவா, பூட்டா?

வெளிச்சம் மாறிக்கொண்டும் பின்னணி ஒரே மாதிரியும் இருந்தால் ஓட்டோ ஐஎஸ்ஓ. மேகம் சூரியனை மூடினால் இரண்டு, மூன்று ஸ்டொப் குறையும்; ஐஎஸ்ஓ 200இலிருந்து 1600க்குத் தானே ஏறும், நீங்கள் எதையும் தொட வேண்டியதில்லை.

வெளிச்சம் நிலையாக இருந்து பின்னணி மாறினால் ஐஎஸ்ஓவை ஒரே எண்ணில் பூட்டுங்கள். பேர வாவிக்கு மேலே கூழைக்கடா வட்டமடிக்கும்போது ஒரு கணம் பின்னால் மரம், மறுகணம் வானம். ஓட்டோவில் விட்டால், வானத்துக்கு வந்தவுடன் பறவை கறுத்துவிடும். பறவை மேல் விழும் வெயில் மாறவில்லையே, பிறகு ஏன் அளவை மாற்ற வேண்டும்? சூரியன் நன்றாக ஏறிய பிறகு, முழு வெயிலில் வெள்ளைப் பறவைக்கு எஃப் 8, 1/1600, ஐஎஸ்ஓ 200 என்று தொடங்கலாம்.

5. கணத்தைப் பிடிப்பது

சின்னக் கொக்கு என்ற இனப் பறவையைப் பத்து நிமிடம் சும்மா பாருங்கள். மஞ்சள் விரல்களால் சேற்றைக் கலக்கும், நிற்கும், கழுத்தைப் பின்னுக்கு மடித்து இழுக்கும். அந்த மடிப்பு தெரிந்தவுடன் பொத்தானை அழுத்துங்கள். மீனோடு தலை நிமிரும்போது அழுத்தினால் பிந்திவிடும். கூழைக்கடா கிளம்புமுன் காற்றுப் பக்கம் திரும்பி, கால்களால் தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடும். அது திரும்பும்போதே போகஸைப் பிடித்து வைத்திருங்கள்.

லென்ஸை முடிந்தளவு தாழ்த்துங்கள். கட்டின் மேலே நின்று கீழ்நோக்கி எடுத்தால் பின்னணி முழுவதும் தண்ணீர்தான். தாழ்த்தினால் தூரத்துப் பச்சை மென்மையாகக் கரையும். அதற்காகச் சேற்றில் படுக்காதீர்கள். எலிக்காய்ச்சல் பயம் உண்டு, சில இடங்களில் முதலையும் உண்டு. கூட்டில் இருக்கும் பறவையை நெருங்கவே வேண்டாம். தாய் எழும்பிப் போனால் முட்டையைக் காகம் எடுத்துவிடும்.

6. அந்தியில்

சூரியன் மறைந்தபின் படமெடுக்கும் அளவு வெளிச்சம் ஏறத்தாழ 20 நிமிடம். நிற்கும் பறவைக்கு 1/125 வரை இறங்கலாம், கமராவைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி ஐந்தாறு படங்களாகத் தொடர்ந்து எடுங்கள். நிழலுருவம் வேண்டுமென்றால் −1 வைத்து, அலகு உடலோடு ஒட்டாமல் தனியாகத் தெரியும் கணத்துக்காகக் காத்திருங்கள்.

7. படம் தெளிவில்லையா?

பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. கரை தெளிவாக இருந்து பறவை மட்டும் மங்கினால் சட்டர் போதாது. பின்னால் உள்ள புல் தெளிவாக இருந்தால் போகஸ் தவறிய இடம் அதுதான். எந்த இடமுமே தெளிவில்லாமல் அலையலையாகத் தெரிந்தால் அது வெப்ப அலை. வெயில் ஏறிய பின் தண்ணீருக்கு மேலே தூரத்துப் பறவைகளை எடுக்கையில் வரும். எந்த லென்ஸும் அதைத் தீர்க்காது, கிட்ட இருக்கும் பறவைக்குத் திரும்புங்கள். படம் முழுக்கப் பால்போலப் படர்ந்திருந்தால் குளிரூட்டிய அறையிலோ வாகனத்திலோ இருந்து வந்த லென்ஸில் ஈரம் படிந்திருக்கிறது. துடைக்காமல், மூடிய பைக்குள் அரை மணி நேரம் வைத்த பிறகு எடுங்கள். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள். இந்த ஊர் ஈரத்தில் அலுமாரிக்குள் கிடக்கும் லென்ஸில் பூஞ்சணம் பிடித்துவிடும்.